தாழ்ப்பாள் இருந்த இடம்

காலை ஐந்தரை மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாள் போடக் கையை உயர்த்தினாள். கை வெறும் மரத்தைத் தடவியது.

தாழ்ப்பாளைக் காணோம். அது இருந்ததற்கான அடையாளத்தையும் காணோம். திருகாணித் துளை இல்லை, துருக் கறை இல்லை, கம்பி உரசி உரசிப் பள்ளமான கோடு இல்லை. கதவின் உட்புறம் ஒரே வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன வட்டத் திருகு மட்டும் இருந்தது. அதைத் திருப்பினாள். கதவு பூட்டிக்கொண்டது.

பல் துலக்க வந்தவள், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தலைக்கு நேரே, கொஞ்சம் எட்டிப் போட வேண்டிய உயரத்தில், இழுத்தால் எலி கத்துவது போலச் சத்தம் போடும் தாழ்ப்பாள். நேற்றுக்கூடப் போட்டாள். நேற்றுத்தானா என்று தன்னைக் கேட்டதும் அந்த நேற்று லேசாக ஆட்டம் கண்டது. கதவருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். பெயின்ட் வாசனை இல்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

வெளியே போய்க் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்கவில்லை.

அவர் வேலை செய்கிற விதம் அவளுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கதவு, குழாய், விளக்கு எல்லாம் பார்த்துக்கொண்ட பராமரிப்புக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இராது. வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதென்றாலும் ஊரைக் கூட்டுவார். ஏணியைப் பிடி, டார்ச்சைக் காட்டு, அந்தத் திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொள், கீழே போட்டுவிடாதே. எல்லாம் முடிந்ததும் அவளைக் கூட்டி வந்து நிறுத்துவார். "எங்க வேலை செஞ்சிருக்கேன், சொல்லு பார்ப்போம்." அவளால் சொல்ல முடியாது. செய்த தடம் தெரிந்தால் அது வேலையே இல்லை என்பது அவர் கட்சி. ஒரு துளையைக்கூடச் சும்மா அடைக்க மாட்டார். ஓரத்தைச் சுரண்டி, தூசியை ஈரத் துணியால் எடுத்து, துளை அடைக்கிற பட்டிப் பசையை மெல்லிய அடுக்காக வைத்து, காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, மறுபடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரு தாழ்ப்பாளையே கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாரா? நடக்காது.

அம்மாவின் ஞாபகமும் வந்தது. மறதி வந்தபோது அம்மாவுக்கு முதலில் போனது ஒரு ஜன்னல். இங்கே ஒரு ஜன்னல் இருந்ததே, யார் அடைத்தது என்று ஒரு நாள் கேட்டாள். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்ததே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பெயர்கள் போயின. அப்புறம் பெற்ற பிள்ளைகள் போனார்கள். கடைசிக் காலம் முழுக்க இந்த வீட்டில்தான் இருந்தாள். ஒரு நாள் இதே குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் உள்ளேயே நின்று அழுதாள். கதவைப் பெயர்த்து அம்மாவை வெளியே கொண்டுவந்தவர் கணவர்தான்.

அப்போதே தாழ்ப்பாளை மாற்றிவிட்டாரோ? அப்படியானால் இத்தனை வருடமாக அவள் எதைப் போட்டுக்கொண்டிருந்தாள்?

தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டால், ஜன்னல் எங்கே என்று கேட்டது போல ஆகிவிடும். அவர் முகத்தில் அந்தப் பரிவு வந்துவிடும். அம்மாவிடம் பேசும்போது எல்லோர் முகத்திலும் வந்த பரிவு. அதைப் பார்ப்பதற்கு வாயைத் தைத்துக்கொள்வது மேல் என்று அவள் எழுந்து பல் துலக்கினாள்.

அவர் தோட்டத்தில் இருந்தார். வெயில் ஏறுவதற்கு முன் வேருக்குத் தண்ணீர் விட வேண்டும், இலையில் விடக் கூடாது என்பது அவர் சட்டம். குழாயைச் செடியின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"டெய்லரம்மா, இன்னைக்கு டீ உண்டா, இல்ல பட்டினியா?"

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரம்மாதான். முன்னறையில் மின்சாரத் தையல் மிஷின் போட்டு, கடையில் வாங்கிய உடுப்புகளைப் பிரித்து அளவுக்குச் சரியாக்கித் தருகிறாள். அவர் அந்தப் பெயரைக் கிண்டலுக்கு எடுத்துக்கொண்டு, அப்புறம் அதையே வைத்துக்கொண்டார்.

டீயா? எழுந்ததும் இருவரும் சமையலறையில் நின்றே குடித்ததாக அவளுக்கு ஞாபகம். உள்ளே போய்ப் பார்த்தாள். கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடியில் ஈரம். இன்றைய ஈரமா, இரவு கழுவியதா? அவள் கொஞ்ச நேரம் அந்த ஈரத்தையே பார்த்தாள். பிறகு தண்ணீர் கொதிக்க வைத்தாள். அவர் ரசித்துக் குடித்தார். அதுவரை டீ குடிக்காதவர்தான் அப்படிக் குடிப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு வீடு அவளோடு விளையாட ஆரம்பித்தது.

நடையின் கோடியில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று தொங்கும். ஒரு நாள் தலையைச் சரிசெய்ய அதன் முன்னால் போய் நின்றாள். சுவர் அவளைப் பார்த்தது. ஆணி இல்லை, ஆணிக்குழி இல்லை. கண்ணாடி படுக்கையறை அலமாரிக்குள்ளே, கதவின் உட்புறம் அழகாகப் பொருத்தியிருந்தது. அங்கேதான் எப்போதும் இருந்தது போல. சமையலறை வாசலில் கிடந்த கால்மிதி காணாமல் போனது. சுவிட்சுகளில் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. முன்பே எரிந்தனவா? சுவிட்சை யார் பார்க்கிறார்கள்? கை பழக்கத்தில் போகிறது, போடுகிறது. முன்னறை ஜன்னல் திட்டில் ஒரு ரப்பர் செடி. அதன் பெரிய இலை தெருவைப் பார்த்திருக்கும். ஒரு காலையில் அவள் மிஷினைப் பார்த்தது. மறுநாள் சுவரைப் பார்த்தது.

வெளிப்படையாக அவர் செய்த வேலைகளும் உண்டு. குளியலறைக் கதவின் வெளிப்புறத்துக்கு நீலம் அடித்தார். மற்றக் கதவுகள் எல்லாம் வெள்ளை. ஏன் அது மட்டும் என்றதற்கு வெள்ளை அலுத்துவிட்டது என்றார். தோட்டத்தில் பின்வாசல் வரை நேராகப் போன செங்கல் பாதையைப் பெயர்த்து, வளைத்து, மறுபடி சமையலறை வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தார். பின்வாசல் கேட்டின் மேல் கொடி ஒன்றை ஏற்றிவிட்டார். பூத்துக் குலுங்கிய அரளியை வேரோடு பிடுங்கினார். பூச்சி என்றார். அவள் போய்ப் பார்த்தாள். குப்பையில் கிடந்த அரளியில் ஒரு பூச்சி இல்லை. அதன் இடத்தில் புதினா வைத்தார், அதுவும் தரையில் வைத்தால் தோட்டத்தையே தின்றுவிடும் என்று அடியில்லாத வாளியைப் புதைத்து அதற்குள். படுக்கையறை ஜன்னலடியில் மல்லிகை.

"பாதை எங்கயும் போகாம திரும்ப வீட்டுக்கே வருதே, இது என்ன பாதை?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நடக்கிறவங்க தொலைஞ்சு போகக் கூடாதுல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தொலைந்து போகிறவர் யார்?

நேரம் பார்த்து வங்கிக்காரர் வந்தார். தெருக்கோடியில் இருப்பவர், வங்கியில் வேலை. அவருடைய பேன்ட்டுகளின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பதில்தான் அவளுடைய கைத்திறமை பாதி கழிந்தது. போன தடவை திருத்திய பேன்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"என்னம்மா, அளவை மாத்தி எடுத்துட்டீங்களா? பொத்தான் கிட்டயே வரமாட்டேங்குது."

அவள் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். பேன்ட் அவள் வைத்த அளவில்தான் இருந்தது. அவர் இடுப்பைச் சுற்றி வைத்தாள். கணக்கு இடித்தது. வேறொரு நாளாக இருந்தால், அளவு மாறவில்லை சார், ஆள் மாறியிருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருப்பாள். அன்று அவள் வாயிலிருந்து, "தப்பு என்னோடதாத்தான் இருக்கும்" என்று வந்தது. வங்கிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் வயிற்றைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, எனக்கும் கொஞ்சம் சதை போட்டிருக்கும்" என்று இறங்கி வந்தார்.

அன்று மதியம் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். எதையும் நேராகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, முதலில் சாமான்கள் இடம் மாறுவதாகத்தானே சொன்னாள் என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். தங்கை பிடித்துக்கொண்டாள்.

"உனக்கா மறதி? சின்ன வயசுல நான் உன் பொம்மையோட கையை உடைச்சதை, போன விருந்துல எல்லார் முன்னாடியும் சொன்னே. எந்தக் கைன்னு வேற சொன்னே. உனக்கு மறதி வந்தா எனக்குத்தான் முதல்ல நிம்மதி."

சிரித்துவிட்டு அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். தோட்டத்தில் இருக்கிறார் என்றாள் இவள். அவருக்கென்ன, யானை மாதிரி திடமாக இருக்கிறார் என்று தங்கை போனை வைத்தாள்.

சிரித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல எத்தனை நாள் திரிவது? அளவு எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். துணியில் வெட்ட வேண்டிய இடத்தைக் குறிக்கிற நீலச் சுண்ணாம்புக் கட்டி அவள் மேஜையில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். ரப்பர் செடித் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம், இலை பார்க்கிற பக்கம் ஒரு கோடு. ஸ்டூலின் கால்களைச் சுற்றி. அலமாரியின் மூலையில். அடுப்புத் திருகில், மூடியிருக்கும்போது அது பார்க்கிற திசைக்கு ஓர் அம்புக்குறி. துணியானால் இத்தனை குறியும் போட்டபின் கத்திரியை எடுத்துவிடலாம்.

மறுநாள் காலை குறிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஜன்னல் திட்டு துடைத்து வைத்தது போல இருந்தது. அடுப்புத் திருகு பளபளத்தது.

போட்டேனா, போட வேண்டும் என்று நினைத்தேனா? விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் நீலம் இருந்தது. ஆனால் அவள் விரலில் நீலம் இல்லாத நாள் எது?

மறுபடி போட்டாள். இந்த முறை இன்னும் அதிகமான இடங்களில். மறுபடி அழிந்தது. சாப்பிடும்போது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றார். மதியம் படுத்துக்கொள்ளச் சொன்னார். தலை வலிக்கிறதா என்று கேட்டார். அவர் குரலில் அம்மாவிடம் பேசிய அந்தப் பரிவு இருந்தது. தெரிந்துவிட்டது இவருக்கு, என்று நினைத்தாள்.

அதே சாப்பாட்டின்போதுதான், "தங்கச்சி போன் பண்ணினான்னு சொன்னேனே, திரும்பக் கூப்பிட்டியா?" என்றார். அப்படி அவர் சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லை. கூப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். பிறகு தங்கையிடம் விசாரித்தபோது, தான் கூப்பிடவே இல்லையே என்றாள். அதையும் அவள் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

பெயின்ட் சாமான் வைக்கிற அலமாரியில் பிரிக்காத பட்டி டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒரே கடை, ஒரே அளவு. கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வந்திருந்தார். இத்தனை எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. முன்பே கேட்டு, அவரும் பதில் சொல்லி, தான்தான் மறந்திருப்போமோ என்று கதவைச் சாத்தினாள்.

சுண்ணாம்பு அழியும், நூல் அழியாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. கனத்த துணியில் சுண்ணாம்பு நிற்காத இடத்தில் தளர்வாக ஒரு நூலை ஓட்டி அடையாளம் வைப்பது அவள் தொழிலில் உள்ளதுதான். சிவப்பு நூல் ஒன்றை எடுத்தாள். ரப்பர் செடியின் பெரிய இலைக் காம்பில், தெருவைப் பார்த்த பக்கம், கண்ணுக்குத் தெரியாதபடி முடிச்சுப் போட்டாள்.

காலையில் முடிச்சு மிஷினைப் பார்த்திருந்தது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அதே நூல், அவளுடைய முடிச்சு. செடி திரும்பியிருக்கிறது. செடி தானாகத் திரும்பாது. அப்படியானால் யாரோ திருப்புகிறார்கள். இந்த வீட்டில் இருப்பது அவளும் அவரும்தான். அவள் திருப்பவில்லை. இதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு கால் தரையில் பாவியது. ஆனால் உடனே இன்னொரு குழப்பம் தலையைத் தூக்கியது. அவர் ஏன் இதைச் செய்ய வேண்டும்? அதுவும் வாயைத் திறக்காமல்?

செடியை அவள் எழுமுன் திருப்பினாலும், அவருடைய மற்ற வேலை அவள் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நடக்கிறது என்று ஊகித்தாள். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் முன்னறையை விட்டு வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாளும் முடிச்சு இடம் மாறியிருந்தது. அன்று மதியம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இருவரும் டீ குடித்தார்கள். அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். முன்னறைக்குப் போய் ஊசியிலிருந்து நூலை உருவினாள். அடியில் துணி வைக்கவில்லை. மிஷினின் மிதியில் காலை வைப்பதற்குப் பதிலாக, ஆறிப்போன பழைய இரும்பு இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்தாள். மிஷின் சளைக்காமல் ஓட ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடை வழியே போனாள்.

அவர் சமையலறையில் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் கருவிப் பெட்டி. காஸ் குழாயில் புதிதாக ஒரு திருகு பொருத்திக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, அடுப்புத் திருகில் அன்று காலையும் அவள் போட்டிருந்த நீல அம்புக்குறியைப் பார்த்தார். விரலை அதன் மேல் வைத்தார். பிறகு ஈரத் துணியை எடுத்துத் துடைத்தார், குழந்தையின் வாயைத் துடைப்பது போல.

"என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முன்னறையிலிருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ இங்க நிக்கிறே. அங்க யாரு தைக்கிறா?"

"இஸ்திரிப்பெட்டி தைக்குது. நீங்க என்ன பண்றீங்க, அதைச் சொல்லுங்க."

அவர் துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

உனக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்துபோவாய் என்றுதான் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் மறதிக்காரர்களுக்கென்று தனி வார்டு இருந்தது, அதன் கதவு ஜன்னல் எல்லாம் அவர் கைவேலைதான். அங்கே நடையில் கண்ணாடி வைக்க மாட்டார்கள், எதிரே வருவது யாரோ என்று பயந்துவிடுவார்கள். கால்மிதி போட மாட்டார்கள், கால் தடுக்கும். குளியலறைக் கதவு மட்டும் தனி நிறத்தில் இருக்கும், தேடிக் கண்டுபிடிக்க. பூட்டை வெளியிலிருந்து ஒரு காசை வைத்தே திறக்கலாம். தோட்டத்துப் பாதை வெளியே போகாது, சுற்றிக்கொண்டு வாசலுக்கே வரும். அரளி மாதிரி வாயில் வைத்தால் ஆபத்தான செடி இருக்காது. எந்த இடம் என்பது மறந்துபோனாலும் மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்று இடத்துக்கு இடம் ஒரு வாசனைச் செடி வைப்பார்கள். இந்த வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே செய்துவிடலாம் என்று பார்த்தார். சொல்லாமல் செய்தால் அவளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது என்று நினைத்தார்.

"வீடு பூரா நீலக் கோடு" என்றார். "அடுப்புல அம்புக்குறி. எந்தப் பக்கம் திருப்பினா அணையும்னு தெரியாதவங்கதானே அப்படிப் போடுவாங்க? அதைப் பார்த்தப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"எனக்கு எதுவும் மறக்கல. மறந்துட்டேனான்னு பார்க்கத்தான் கோடு போட்டேன். சாமான் எல்லாம் அதுவா நகருது, கண்ணாடி கால் முளைச்சு அலமாரிக்குள்ள போகுது. உங்ககிட்டக் கேட்டா, இவளும் அவங்க அம்மா மாதிரி ஆயிட்டான்னு நினைப்பீங்க. அந்தப் பயம்."

"அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"நீங்க வீட்டைத் திருப்பிப் போடறதை நிறுத்தினா ஒண்ணும் இல்ல."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவர் மாற்றியதைப் பார்த்து அவள் கோடு போட்டிருக்கிறாள். அவள் போட்ட கோட்டைப் பார்த்து அவர் மேலும் மாற்றியிருக்கிறார். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அவர் அடுப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வங்கிக்காரரின் பேன்ட் விஷயத்தில் இவரால் தான் பழி ஏற்றுக்கொண்டதைச் சொன்னாள். அவர் இன்னும் சிரித்தார். முன்னறையில் இஸ்திரிப்பெட்டி விடாமல் தைத்துக்கொண்டிருந்தது.

"அந்த ரப்பர் செடி? அதுவும் வார்டுல பண்றதுதானா?"

"சேச்சே. அது வெளிச்சத்துப் பக்கமே சாயும். வாரத்துக்கு ஒரு தடவை கால் வட்டம் திருப்பி வச்சா நேரா வளரும். எல்லாத் தொட்டிக்கும் பண்றதுதான்."

"வாரத்துக்கு ஒரு தடவையா? நேத்துத் திரும்பியிருந்துச்சு. இன்னைக்கும் திரும்பியிருந்துச்சு."

"இன்னைக்குத்தான் திருப்பினேன்" என்றார். கருவிகளைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். "சரி, இந்தக் கூத்துக்கு ஒரு டீ போடு, டெய்லரம்மா. சாப்பிட்டதுலேர்ந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கல."

அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். கை கெட்டிலுக்குப் போனது. தொட்டியோரம் கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. அடியில் ஈரம்.

இந்த முறை அந்த ஈரம் எந்த ஈரம் என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சற்று முன் குடித்த டீ. கழுவியது அவள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று இப்போதுதான் முடிவாகியிருந்தது.

கெட்டிலை எடுக்காமல் நின்றாள். அலமாரியில் அடுக்கியிருந்த பட்டி டப்பாக்கள் நினைவுக்கு வந்தன. தங்கை பண்ணாமலே பண்ணியதாக அவர் சொன்ன போன். அன்று காலை ரசித்துக் குடித்த இரண்டாவது டீ. இவற்றையெல்லாம் அவள் தன் கணக்கில் வைத்திருந்தாள். தப்பாகத் தைத்ததைப் பிரிக்கும்போது கடைசித் தையலிலிருந்துதான் தொடங்குவாள். அப்படியே பின்னால் போனாள். இன்று அடுப்பில் அம்புக்குறி. அதற்கு முன் நூல். அதற்கு முன், முதல் முதலாகச் சுண்ணாம்பை எடுத்த நாள். அதற்கும் முன்னால் அரளி, பாதை, கண்ணாடி. பிரித்துக்கொண்டே போனதில் முதல் தையல் கைக்கு வந்தது. காலை ஐந்தரை மணி. வழவழவென்ற வெள்ளைக் கதவு.

அவர் கருவிப் பெட்டியை மூடிவிட்டு, துடைத்து முடித்த அடுப்புத் திருகை மறுபடி ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். துணியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"தாழ்ப்பாளைக் கழட்டினப்ப நான் இந்த வீட்டுல ஒரு கோடுகூடப் போட்டிருக்கலையேங்க. அதை யாருக்காக மாத்தினீங்க?"